குந்தவையின் ஐந்தாவது கேமரா

குந்தவையிடம் நாலு கேமரா இருந்தன. மன்னார்குடியில் இதைச் சொன்னால் வசதிக்காரி என்பார்கள், பைத்தியம் என்பார்கள். தனியாக இருக்கிற பொம்பளைக்கு வேறு என்ன செலவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, கீழே ஸ்டுடியோ, மாடியில் குடித்தனம். அவளைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஊர் ஆசைப்பட்டதும் இல்லை.

நாலும் நாலு வேலைக்கு. கேமரா விளம்பரத்தில் மலைக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று அழகாகப் பிரித்துப் போட்டிருப்பான். நம் பக்கத்தில் எதற்கெல்லாம் கேமரா வேண்டியிருக்கிறது என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

அதிராம்பட்டினத்துக்கு ஒன்று. அங்கே நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்தான் வர வேண்டும். கேமராவில் வைஃபை இருக்கக் கூடாது, சாயங்காலம் விருந்து முடிந்ததும் கார்டைக் கழற்றி வீட்டம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். நியாயமான பேச்சுதான். அதற்கென்றே பதினைந்து வருடப் பழைய கனத்த கேமரா ஒன்றை விற்காமல் வைத்திருந்தாள். நாள் முழுக்கச் சிரித்த முகங்களாக எடுத்துத் தள்ளிவிட்டு, ஒரு படம்கூடக் கையில் இல்லாமல் பட்டுக்கோட்டை பஸ்ஸில் திரும்பி வருவாள்.

வயலுக்கு ஒன்று. உள்ளங்கையில் அடங்குகிற ஆரஞ்சு நிறக் கேமரா, சேற்றில் விழுந்தால் வாய்க்காலில் அலசிக்கொள்ளலாம். சம்பா மூழ்கிப்போன வருடங்களில் இன்சூரன்ஸுக்குக் காட்ட விவசாயிகள் கூட்டிப் போவார்கள். நாள், நேரம், இடம் எல்லாம் படத்திலேயே விழும். அழுகின கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளிடம், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்று சொல்வதற்கு அவளுக்கு எப்போதும் நாக்கு கூசும்.

சாவு வீட்டுக்கு ஒன்று, விசேஷ வீட்டுக்கு ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். முன்பு ஒன்றை வைத்துத்தான் இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைகாப்பில், பிள்ளைத்தாய்ச்சிக்கு நேராகக் கேமராவைத் தூக்கும்போது ஒரு அம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "இது எழவு வீட்டுக்குப் போற கேமராவாடி?" என்றாள். இல்லை என்று பொய் சொன்னாள் குந்தவை. அடுத்த மாதமே இன்னொன்று வாங்கி, அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டை வைத்தாள். இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு பைகளையும் ஒரே ஆணியில் மாட்ட மாட்டாள்.

விசேஷ வீட்டில் கடைசிப் பந்தியில் மேளக்காரர்களோடும் டிரைவரோடும் உட்கார்ந்து சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்து மாடியேறி, பைகளை அதனதன் ஆணியில் மாட்டிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது. ரசம் வைத்தால் மூன்று வேளைக்கு வரும். இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு வைகாசியில்தான் செம்மொழி போன் செய்தாள்.

செம்மொழி, குந்தவையின் அண்ணன் மகள். இருபத்து நாலு வயது, பெங்களூரில் வேலை. அத்தையோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அத்தை, நான் செம்மொழி. அப்பாவுக்கு அறுபது முடியுது. திருக்கடையூர்ல பண்றோம். எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தியோட அப்பா அம்மாவுக்கு நீங்க எடுத்த ஆல்பம் பாத்தேன். நீங்கதான் எடுக்கணும் அத்தை."

குந்தவை கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"சொன்னேன். உங்களத்தான் புக் பண்ணப்போறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

இருபத்தாறு வருடமாகப் பேசாத மனிதன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? மூன்று வாரம் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள் குந்தவை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்கிற ஆள்தான் அவள் அண்ணன் வைரக்கண்ணு. சொல்லவில்லையே.

நடந்த கதை பெரிய கதை இல்லை. வைரக்கண்ணுவின் மனைவி நாகம்மாளுக்கு ஒரு தம்பி, கத்தாரில் வேலை. குந்தவையை அவனுக்குப் பேசி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை லீவில் வந்தவன், வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்பறம் அந்த ஸ்டுடியோ வேலையெல்லாம் எதுக்கு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். குந்தவையும் சிரித்தாள். மறுநாள் காலை, எனக்கு இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். பிடிக்கவில்லை என்று சொல்லப் பெண்ணுக்கு ஒரு காலம் உண்டு, அது பத்திரிகை அடிக்கும் வரைதான் என்பது நம் ஊர்க் கணக்கு. பிறந்த வீட்டில் பெண்டாட்டி கண்ணீரோடு உட்கார்ந்துவிட்டாள், சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது, வைரக்கண்ணுவுக்கு மானம் போய்விட்டது. "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்றான். அவள் மிதிக்கவில்லை. அப்பாவின் பிடிவாதம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பங்கு பிரிந்திருந்தால் என்றைக்கோ சமாதானமாகியிருப்பார்கள். ஆளுக்கு முழுசாக அல்லவா வந்து சேர்ந்திருந்தது. அம்மா செத்தபோது போனாள், தெருவில் மற்ற பெண்களோடு நின்றாள், பாடைத் தேர் கிளம்பியதும் திரும்பிவிட்டாள்.

இப்போது அண்ணன் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறாள். ஆனால் அவள் மனசு படத்தில் இல்லை.

அறுபதாம் கல்யாணத்தில் மறுபடியும் தாலி கட்டுவார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மிச்ச இரண்டு முடிச்சையும் அவர் கூடப் பிறந்தவள், அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டும். வைரக்கண்ணுவுக்குக் கூடப் பிறந்தவள் குந்தவை ஒருத்திதான். முப்பத்து நாலு வருடம் முன்னால், பதினேழு வயதில், பாவாடை தாவணியோடு அவள்தான் நாகம்மாள் கழுத்தில் இரண்டு முடிச்சும் போட்டாள். திருக்கடையூரில் நூறு ஜோடிக்காவது அவள் படம் எடுத்திருப்பாள். கல்யாணம் ஆகாத தங்கைகளும் வந்து முடிச்சுப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் போடலாம், தடை ஒன்றும் இல்லை. கூப்பிடுவார்களா என்பதுதான்.

கூப்பிட்டால் கழுத்தில் கேமராவும் தோளில் பையுமாக எப்படிப் போய் நிற்பது? அந்த நேரம் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். படமும் விட்டுப்போகக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் தாலி கட்டுகிற படம் இல்லை என்றால் வெளியே தலை காட்ட முடியாது. இப்படித்தான் ஐந்தாவது கேமரா தேவைப்பட்டது.

தஞ்சாவூரில் பக்கீர் முகம்மது கடையில்தான் அவள் கேமரா எல்லாம் வாங்குவது. அவளைவிடப் பத்து வயது சின்னவன். வாரத்தில் அவளோடு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனில் பேசுகிற ஒரே ஆள் அவன்தான், அதுவும் லென்ஸைப் பற்றி.

"வாங்கக்கா. இப்ப எதுக்கு?"

"ஸ்டாண்டுல நிக்கணும். நான் தொடாம தானா எடுக்கணும். ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு."

"வீடியோ போட்டு விட்ருங்களேன்."

"வீடியோ வேணாம். ஆல்பத்துக்கு வேணும். கோயில் உள்ள இருட்டு, பிளாஷ் போட முடியாது. சத்தமும் வரக் கூடாது."

அவன் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தான். ஒன்று இருட்டில் நன்றாக எடுக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் சூடாகி நின்றுவிடும். ஒன்று நிற்காது, ஆனால் முகம் எல்லாம் மஞ்சளாக விழும். மூன்றாவது சின்னதாக, பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது. அகலமான லென்ஸ், ஓசை இல்லை, சொன்ன கணக்குக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும், பொத்தானை அமுக்கச் சட்டைப்பையில் அடங்கும் ரிமோட். ஓரம் மட்டும் கொஞ்சம் இழுக்கும் என்றான். ஓரத்தில் நிற்கிறவர்கள் தடியாகத் தெரிவார்கள்.

"ஓரத்த வெட்டிக்கலாம். எனக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கணும், அவ்வளவுதான்."

"போட்டோ எடுக்கறவங்களுக்கு எதுக்குக்கா சும்மா கை?" என்று சிரித்தான். குந்தவை கார்டு ரீடர் விலையை விசாரித்தாள்.

வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். எப்போதும் சுடிதாரும் பை நிறைந்த அரைக் கோட்டுமாகப் போகிறவள், அன்று அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். பட்டுப்புடவையோடு குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுப்பது லேசில்லை. முடிச்சுப் போடப் போகிறவள் சுடிதாரில் போக முடியுமா? தலையில் பூ வைக்கலாமா என்று யோசித்து, வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். தெருக்கோடிக்கு வருவதற்குள் மறுபடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திருக்கடையூரில் முகூர்த்த நாள் என்றால் கல்யாணம் ஒன்று இரண்டு இல்லை. பிரகாரம் நெடுகத் தூணுக்குத் தூண் ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு குருக்கள், ஒவ்வொருவர் முன்னாலும் வரிசையாகக் கலசங்கள். ஒரு மேளத்துக்கும் அடுத்த மேளத்துக்கும் பத்தடி. இந்த ஜோடியைப் பார்க்க வந்த மாமன் அந்த ஜோடியின் படத்தில் நிற்பார். அதனால் திருக்கடையூர்ப் படம் என்றால் ஓரத்தை வெட்டுவது போட்டோக்காரர்களுக்குப் பழக்கமாகிவிட்ட வேலை. யார் எந்த வீட்டு ஆள் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், ஓரத்தில் நின்றால் வெளியாள்.

செம்மொழி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனின் தாடைதான் அவளுக்கும். நாகம்மாள் குந்தவையின் புடவையை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "வாங்க" என்றாள். இருபத்தாறு வருடம் முன்பு வாடி போடி என்றவள். இந்த மரியாதை குந்தவைக்குச் சுருக்கென்றது.

வைரக்கண்ணு கலசங்களுக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. குந்தவை ஒரு தூண் தள்ளி நின்று, நீள லென்ஸை மாட்டி, குங்குமப் பொட்டு வைத்த கேமராவைக் கண்ணில் வைத்தாள். அவ்வளவுதான், அண்ணன் கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டார். காது மடலில் நரை முடி. கழுத்துச் சதை தளர்ந்திருந்தது. புருவத்துக்கு நடுவில் அப்பாவின் கோடு. அவருக்குத் தெரியாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் என்ன பார்க்கிறாய் என்று கேட்க முடியாது. வேண்டியதற்கு மேல் நாற்பது ஐம்பது படம் எடுத்தாள். கலசத்து நீரைத் தலையில் ஊற்றுகிறபோது சொந்தங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பங்காளி, மச்சான், சம்பந்தி, அடுத்த தெருக்காரர் வரைக்கும் ஊற்றினார்கள். நனைந்த துண்டோடு அண்ணன் நடுங்கினார். குந்தவையை யாரும் கூப்பிடவில்லை. பரவாயில்லை, இது யார் வேண்டுமானாலும் ஊற்றுவது, முடிச்சுதான் கணக்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஈரம் மாற்றிப் புதுத் துணி கட்டி வந்து உட்கார்ந்தார்கள். குந்தவை புதுக் கேமராவைக் குருக்களுக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, அகலமாக வைத்து, எல்லாரும் விழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். மேளம் எழும்பியது. ரிமோட்டை அமுக்கி இடுப்பில் செருகினாள். கையில் இருந்த கேமராவை வாரோடு முதுகுப் பக்கம் தள்ளினாள். இரண்டு கையும் காலியாயின. உள்ளங்கை வேர்த்திருந்தது, புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

வைரக்கண்ணு முதல் முடிச்சைப் போட்டார். கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி இருந்தார்.

"நாத்தனார் யாரும்மா? வாங்கோ, மிச்ச ரெண்டு முடிச்சு" என்றார் குருக்கள்.

குந்தவை இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கை தானாக முன்னே போனது.

"ஷோபனா, வா" என்றாள் நாகம்மாள், குனிந்த தலை நிமிராமல்.

ஷோபனா குந்தவையின் பெரியப்பா மகள். கும்பகோணத்துக்காரி, நல்லவள், தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "நானா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்ப்பக்கத்துக் கூட்டத்திலிருந்து வந்து, குந்தவைக்கு முன்னால் புகுந்து, கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

குந்தவை நின்ற இடத்திலேயே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து கேமராவை முன்னால் இழுத்து, ஷோபனாவின் விரலை நெருக்கத்தில் எடுத்தாள். இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. நல்ல கூர்மையாக விழுந்த படங்கள், குறை சொல்ல முடியாது. கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள். செம்மொழி பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தாள், அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பொம்மைக் கேமரா என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. ரெண்டு செகண்டுக்கு ஒன்று. வலது ஓரத்தில் குந்தவை. ஒன்றில் புடவையில் கையைத் துடைக்கிறாள். அடுத்ததில் ஒரு எட்டு வைத்திருக்கிறாள். அடுத்ததில் இரண்டு கையும் நீண்டிருக்கிறது, கயிற்றை வாங்குவதற்கு விரல்கள்கூடக் குவிந்துவிட்டன. ஷோபனா முன்னால் புகுகிறாள், கை அப்படியே இருக்கிறது. கயிறு கைமாறுகிறது, இந்தக் கை இன்னும் இறங்கவில்லை. பதினோரு படத்தில் இறங்கவில்லை. லென்ஸ் ஓரத்தை இழுத்ததில் கை வேறு நீளமாக, கேட்டு நிற்கிற கை மாதிரி விழுந்திருந்தது.

இதை ஒரு பென்டிரைவில் போட்டு அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பெரிய டிவியில் போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். நாகம்மாள் பார்ப்பாள். பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாளே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வதற்கு வேறு என்ன வேண்டும்? ஒவ்வொரு படமாகத் திறந்து வலது ஓரத்தை வெட்டினாள். வெட்டியதை வைத்துக்கொண்டு அசலை அழித்தாள். கார்டையும் துடைத்தாள். ஒரு படத்தில் மட்டும் முழுசாக வெட்ட முடியவில்லை. இன்னும் தள்ளி வெட்டினால் நாகம்மாளின் தோள் போய்விடும், ஆனால் அண்ணன் தலை நிமிர்ந்திருந்த ஒரே படம் அதுதான். நாலு விரல் ஓரத்தில் எட்டிப்பார்க்க, போகட்டும் என்று விட்டுவிட்டாள். மறுவாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மூன்று மணி நேர வீடியோ, அதே கார்டு, நிரம்ப.

கல்யாணம் முடிந்த பதினோராம் நாள், லீவில் வீட்டிலேயே இருந்த செம்மொழி போன் செய்தாள்.

"படமெல்லாம் சூப்பர் அத்தை. ஒண்ணே ஒண்ணு. அப்பா நிமிந்து பாக்கறாருல்ல, ஓரத்துல விரல் தெரியுமே, அந்தப் படம். அதோட முழுப் படம் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"அப்பாதான் கேக்கறாரு. மூணு நாளா அதையே போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் யாரப் பாக்கறேன்னு இதுல தெரியலயேன்னு சொல்றாரு. அத மட்டும் பெரிசாப் போட்டு ஹால்ல மாட்டணுமாம்."

குந்தவை தேடிப்பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, அந்தப் படத்தைத் திறந்தாள். முதல் தடவையாக அண்ணனின் கண்ணைப் பார்த்தாள். அவர் ஷோபனாவைப் பார்க்கவில்லை. ஷோபனா இடது பக்கத்துக் கூட்டத்திலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை. பக்கத்து ஜோடியின் மேளத்தையும் பார்க்கவில்லை. கயிற்றின் இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தை, அந்த விரல்கள் வருகிற பக்கத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முப்பது வருடமாக முகங்களைப் பார்த்தே பிழைத்தவள், அன்று தன் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். தன் அவமானத்தைப் பார்க்கிற அவசரத்தில் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

லேப்டாப்பையும் கார்டையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினாள். பக்கீர் முகம்மது அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தான். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். கிரீடம் வைத்த பிள்ளை, கிளி வேஷம் போட்ட பிள்ளை.

"மேல எழுதியாச்சுக்கா. லேப்டாப்லயும் ஒண்ணும் மிச்சமில்ல. யாரு வீட்டுப் படம்?"

"எங்க வீட்டுப் படம்" என்றாள் குந்தவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவன் என்ன செய்வது என்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

பஸ்ஸில் திரும்பும்போதே செம்மொழிக்குப் போன் செய்தாள். "இல்லம்மா. கிடைக்கல. நான்தான் அழிச்சிட்டேன்."

"அய்யோ, ஏன் அத்தை?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு. குடுக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். குடு என்று வந்தது.

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. டிவியின் ஓசையை யாரோ குறைத்தார்கள். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே, முழுப் படம் இல்லண்ணே. அழிச்சிட்டேன்."

"நான் பாத்தேன் ஒன்ன" என்றார் வைரக்கண்ணு. குரல் கிழவர் குரலாக இருந்தது. "கூப்பிடணும்னுதான் நிமுந்தேன். அதுக்குள்ள அவ கூப்பிட்டுட்டா."

குந்தவை பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் ஒனக்கு அவசரந்தான்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "சரி, இருக்கறதப் பெரிசு பண்ணு." போன் நின்றுவிட்டது. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அவளும் மறுபடி கூப்பிடவில்லை.

மறுநாள் படத்தைத் திருச்சி லேபுக்கு அனுப்பினாள். ஹாலில் மாட்டுகிற அளவு. சாயங்காலம் லேபிலிருந்து ஒரு பையன் பேசினான்.

"மேடம், இந்த அறுபதாம் கல்யாணப் படம். வலது ஓரத்துல யாரோ வெளியாள் கை வந்திருக்கு. நாங்களே எடுத்துடறோம், கம்ப்யூட்டர்ல தூணா மாத்திரலாம், தெரியவே தெரியாது."

"வேண்டாம்ப்பா. அது வீட்டு ஆளு கைதான்" என்றாள் குந்தவை.

வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மத்தியானத்து ரசம் இருந்தது, அதைச் சூடு பண்ணினாள்.